ஜனவரி ஒன்றில் பிறந்த இரண்டு பேர்

அன்று காலை ரத்தம் எடுக்கும் அறையில் நான் இருந்தேன், அவன் இருந்தான். கவுண்டரில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும் பெண் இருந்தாள். உள்ளே மெஷின் அறையில் லேப் முதலாளி அண்ணாச்சி இருந்தார். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சு கொள்ளாமல் வாசல்படி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் இல்லை. எங்கள் இருவரையும் மேய்க்க வேண்டிய லேப் சீனியர் அக்கா, மகளுடைய காலேஜ் அட்மிஷனுக்காகத் திருநெல்வேலி போயிருந்தார்.

அவன் என்றால் என்னோடு படித்தவன். படிப்புக்குப் பெயர் பிளபாட்டமி. எங்கள் ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "ரத்தம் எடுக்கிற படிப்பு" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தில் மரியாதை வருகிறதா என்று பார்ப்பார். குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் படிப்பு என்று எதைக் கொடுத்தாலும் எனக்கு அது வேதம். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் கட்டி வைக்கக் கூடாது என்றால் நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க வேண்டும், தோலுக்கு முப்பது டிகிரிக்கு மேல் தூக்கக் கூடாது என்றால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுகூட விரலைச் சாய்த்துப் பார்த்துக்கொள்வேன்.

அவன் புளியங்குடி. அப்பாவுக்கு எலுமிச்சை மண்டி. பைக்கில் வருவான். நான் டவுன் பஸ்ஸில் நெரிபட்டு, வெள்ளைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்து இறங்கும்போது, அவன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தேய்த்த சட்டை கசங்காமல் நின்று, "ஏலே, வா, ஒனக்கும் சொல்லிட்டேன்" என்பான். அந்த டீயை நான் ஒருநாளும் நிம்மதியாகக் குடித்ததில்லை.

பயிற்சிக்காக எங்கள் இருவரையும் சங்கரன்கோவிலில் ஒரே லேப்பில்தான் போட்டிருந்தார்கள். அங்கே நிரந்தரமாக ஒரே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அண்ணாச்சி அதை ஒளித்து வைக்கவில்லை.

"பரீட்ச முடியட்டும். ரெண்டு பேருல ஒருத்தன வச்சுக்கிடுதேன். யாருன்னு அக்கா சொல்லட்டும்" என்று எங்கள் முன்னால் வைத்தே சொன்னார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்காவிட்டால் திருப்பூர் பஸ். பெரியப்பா மகன் அங்கே பனியன் கம்பெனியில் எனக்கு ஓர் இடம் சொல்லியே வைத்திருந்தான். அவனுக்குக் கிடைக்காவிட்டால் மண்டி. ஏசி போட்ட கல்லா அறையில் உட்கார்ந்து போன் பேச வேண்டியதுதான். வேலை யாருக்கு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவுக்குத்தான் அது தெரியவில்லையோ என்று தோன்றிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் அவனுக்குக் கை இருந்தது.

அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புத்தகத்தில் சிரை என்று போட்டிருப்பதை இங்கே எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். முழங்கை மடிப்பில், நடுவில் ஓடுவதைத்தான் முதலில் தேட வேண்டும். கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும். அமுக்கினால் ரப்பர் மாதிரி உள்ளே போய் எழும்பி வந்தால் நரம்பு. துடித்தால் அது தமனி, கிட்டே போகக் கூடாது. கயிறு மாதிரி விறைத்திருந்தால் தசைநாண். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அப்பாவின் கையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தடவித் தடவிப் பழகியிருக்கிறேன். ஆனால் நான் இரண்டு விரலால் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் பக்கத்து மேசையில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவான். குழந்தைகள் அவனிடம் அழாது. பயந்து வருகிற ஆம்பளைகள் அவனிடம் மயங்கி விழுவதில்லை. எனக்கு முன்னால் உட்காருகிற பாதிப் பேர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "மெதுவா தம்பி, மெதுவா" என்பார்கள். ஒருவர், "தம்பி புதுசா?" என்று கேட்டார். அவன்தான் எனக்குப் பின்னால் சேர்ந்தவன்.

படிப்பில் நான் அவனுக்கு மேல். அதிலாவது நிம்மதி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. டியூப்களை எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. மூடியின் நிறத்தை வைத்து வரிசை: நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ஒவ்வொரு டியூபிலும் ஒவ்வொரு மருந்து. ஊதாவில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் உண்டு. ஊதாவை முதலில் நிரப்பி அதே ஊசியோடு மஞ்சளுக்குப் போனால், ஒரு சொட்டு ஒட்டினாலும் மஞ்சளில் பார்க்கிற பொட்டாசியம் தப்பாக ஏறிக் காட்டும். நான் இதைக் கட்டம் போட்டு, காரணத்தோடு எழுதி, வகுப்பில் ஒட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "இத எவன்லே ஞாபகம் வைப்பான்?" என்று சிரித்தான். அடுத்த நாள் ஒரு வரி சொன்னான்: "நீ சிரிச்சா மாமா பச்சையா ஊத்துவார் சாம்பார்." முதல் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால் போதும். வகுப்பே அதைப் படித்தது. பாடம் எடுக்கிற சார்கூட அதைச் சொல்லித்தான் கேள்வி கேட்டார். என்னுடைய கட்டத்தின் மேல் யாரோ கிரிக்கெட் மேட்ச் நேரத்தை எழுதி வைத்தார்கள்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

எங்கள் லேப்பில் வேலை நடக்கும் முறை இப்படி. வருகிறவர்களின் ஊர், டாக்டர் பெயர் எல்லாம் எழுதிய சீட்டு கவுண்டரிலேயே கிளிப்பில் இருக்கும். ஸ்டிக்கரில் பெயர், பிறந்த தேதி, ஒரு நம்பர் மட்டும் இருக்கும். ஒரு ஆளுக்குரிய ஸ்டிக்கரையும் டியூப்களையும் ஒரு சின்னத் தட்டில் வைத்து, வரிசைப்படி முதல் தட்டை அவன் மேசையிலும் அடுத்த தட்டை என் மேசையிலும் அந்தப் பெண் வைத்துவிட்டுப் போவாள். பெயரைக் கூப்பிடுவாள். வந்து உட்காருகிறவரிடம் நாங்கள், "உங்க பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று கேட்டு, ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, எடுத்து, அவர் எழுந்திருக்கும் முன்பே ஒட்ட வேண்டும். பெயரை நாமே சொல்லி, "அதுதானே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் காது கேளாதவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இந்தப் பாடத்துக்கு உலகம் பூராவும் ஒரே விதி. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஆள் சரி.

அந்தப் பெண் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். அது இந்த ஊர்க் கோவில் அம்மன் பெயர். சங்கரன்கோவிலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பெஞ்சில் பாதி எழும்பும். அன்றைக்கு இரண்டு பேர் எழும்பினார்கள்.

"யாரும்மா முதல்ல?" என்றாள்.

"நான்தான்" என்றார் ஒருவர். திருவேங்கடத்திலிருந்து வந்தவர். கழுத்தில் ஈரத் துண்டு. "மொத பஸ்ஸுக்கு ஏறி வந்திருக்கேன். பச்சத் தண்ணி பல்லுல படல."

அவர் அவனுடைய மேசையை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டாமவர் அவரைத் தாண்டிப் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. புளியங்குடிக்காரர்.

"ஏய்யா, நீ இங்கனயா இருக்க! ஒங்கப்பா மண்டியில நான் பழம் பெறக்காத நாளு உண்டா? நீயே எடு. வேற ஆளு எடுத்தா எனக்கு மயக்கம் வரும்."

திருவேங்கடத்து அம்மா இடுப்பில் கை வைத்தார். "நல்லாருக்கே நியாயம். நானும் இந்தத் தம்பிக்காகத்தான் காத்துக் கெடக்கேன். போன தடவ எறும்பு கடிச்ச மாதிரி எடுத்தான்."

"அப்போ ஒனக்கு ஒரு தடவ ஆயிட்டுல்லா? எனக்கு இப்பத்தான மொதத் தடவ" என்றார் நாற்காலிக்காரர். பெஞ்சு சிரித்தது.

அவனும் சிரித்தான். "சண்ட போடாதீங்க. பெரியம்மா, நீங்க அங்கன போங்க. அவன் என்னய விட நல்லா எடுப்பான். புத்தகம் பூராம் அவனுக்கு மனப்பாடம்."

திருவேங்கடத்து அம்மா என்னைப் பார்த்தார். நல்ல கத்தரிக்காயை எல்லாம் முன்னால் வந்தவர்கள் பொறுக்கிக்கொண்டு போன பிறகு கூடையில் கிடப்பதைப் பார்க்கிற பார்வை. "என்னத்தச் செய்ய" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

ஆட்கள்தான் இடம் மாறினார்கள். தட்டுகள் மாறவில்லை. திருவேங்கடத்துத் தட்டு அவன் மேசையிலும் புளியங்குடித் தட்டு என் மேசையிலும் அப்படியே இருந்தன. இரண்டிலும் மஞ்சள், ஊதா, சாம்பல் என்று ஒரே மூன்று டியூப்கள். இது பிறகு தெரிந்தது.

நான் விதிப்படி கேட்டேன். "உங்க பேரு சொல்லுங்கம்மா."

அம்மன் பெயரைச் சொன்னார். ஸ்டிக்கரில் அதே பெயர்.

"பிறந்த தேதி?"

"அது யாருக்குத் தெரியும்? பருத்தி வெடிக்கையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவா. ஆதாருல ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கான். வயசு அறுவதுன்னு அவனா வச்சுக்கிட்டான்."

ஸ்டிக்கரிலும் ஜனவரி ஒன்று. வருடமும் ஒத்துப்போனது. எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருப்பார்கள். தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அதைத்தான் கொடுத்தது. என் அப்பாவும் அம்மாவும்கூட ஒரே ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்தான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் அவர்கள் சொன்னதைக் கேட்டேன், ஒத்துப்போனது.

பக்கத்து மேசையில் அவன் பெயரும் கேட்கவில்லை, தேதியும் கேட்கவில்லை. "மூத்த பேரன் இப்போ என்ன படிக்கான்? வீடு அந்த வாய்க்கா பாலத்துக்குப் பக்கத்துலதான? கறவ மாடு நிக்கா, வித்தாச்சா?" என்று எல்லாம் கேட்டான். அந்த அம்மா யார், எவர் என்று அவனுக்கு ஏழு தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

நான் பட்டையைக் கட்டினேன். வலது கையில் ஒன்றும் அகப்படவில்லை. இடது கையில் தடவினேன். மடிப்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி, ஆழத்தில், பயறு அளவுக்கு ஒரு அமுக்கல். விட்டதும் எழும்பி வந்தது. வேறு நாளாக இருந்தால் இவ்வளவு ஆழத்தில் இருப்பதற்கு அக்காவைக் கூப்பிட்டிருப்பேன். அக்கா இல்லை. அவனைக் கூப்பிடுவதற்கு நான் செத்துவிடலாம். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தேன். மூச்சை விடவில்லை. ஊசி போனது தெரியாமல் போனது. டியூபை அமுக்கியதும் ரத்தம், யாரோ திறந்துவிட்ட மாதிரி, நின்று நிதானமாக வந்தது. மஞ்சள், ஊதா, சாம்பல். ஒவ்வொன்றையும் எடுத்ததும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். பட்டையை முன்பே அவிழ்த்திருந்தேன். பஞ்சை வைத்து ஊசியை எடுத்தேன்.

இத்தனையிலும் அந்த அம்மா பக்கத்து மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுட்டும்மா" என்றேன்.

"குத்தியாச்சா?" என்று திரும்பினார். "தெரியவே இல்லயே!" எழுந்தார், பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே நல்ல குத்து அது. பார்க்க அக்கா இல்லை. மத்தியானம் வகுப்புக்குப் போகும்போது அவனிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டே, "ஏறுலே" என்றான். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லேப் திறந்ததும் திருவேங்கடத்து அம்மா கொழுந்தன் மகனோடு வந்து நின்றார். புறங்கையில் பிளாஸ்திரி. கொழுந்தன் மகன் கையில் ஆஸ்பத்திரிப் பைல். அன்றைக்கு அக்கா இருந்தார். அண்ணாச்சியும் வெளியே வந்தார்.

நடந்தது இது. மஸ்கட்டில் இருக்கிற மகன், அம்மாவுக்கு உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லிப் பணம் கட்டியிருந்தான். முடிவு அவன் வாட்ஸப்புக்கே போயிருக்கிறது. பொட்டாசியம் பயப்படுகிற அளவுக்கு மேலே. கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின் அதைவிட மேலே. அண்ணாச்சி மெஷினில் மறுபடி ஓட்டியும் அதேதான் வந்தது. அதனால் தாமதிக்காமல் அனுப்பிவிட்டார். மகன் பதறிப்போய்க் கார் பிடிக்கச் சொல்லி, ராவோடு ராவாகத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

"கிட்னி போச்சுன்னாவ. ரா முழுக்க ஊசியும் கையுமா கெடந்தேன். வயரு வயரா மாட்டுனாவ. விடிஞ்சு பாத்தா ஒண்ணுமே இல்லங்காவ! எம் மகன் அங்கன கெடந்து அழுதான்யா" என்றார் அம்மா.

"யாரும்மா ஒங்களுக்கு எடுத்தது?" அண்ணாச்சி கேட்டார்.

அவர் யோசிக்கவே இல்லை. கையை நீட்டி அவனைக் காட்டினார்.

"இந்தத் தம்பிதான். எடுத்ததுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். குத்துனதே தெரியல, பூப் போல எடுத்தான். அதுக்கப்புறம் உள்ள கொண்டுபோயி என்ன எழவு பண்ணுனியளோ."

அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பினார். "என்னலே, ஊதாவ முன்னாடி எடுத்தியா? பேச்சு சுவாரசியத்துல இருந்திருப்ப."

அவன் தலையைச் சொறிந்தான். மறுத்துப் பேசவில்லை. அவன் நல்லவன் என்பதால் பேசாமல் நிற்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவனுக்கு நினைவில்லை. ஒரு காலையில் அத்தனை கைகளில் எடுக்கிறான். எல்லாமே சரியாக விழுகிற ஒருவனுக்கு எதற்கு நினைவு? நான் குத்திய கை ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"மன்னிச்சிருங்க பெரியம்மா" என்றான்.

அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்த ஒரு இடம், இத்தனை மாதமாக அவன் பக்கமே சாய்ந்து கிடந்தது, அப்படியே என் பக்கம் உருண்டு வந்துகொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா நிற்பது. திருப்பூர் பஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் "பூப் போல" என்றாரே.

பழியை அவன் தலையில் போடுகிறார்கள், போடட்டும். அதோடு சேர்த்து என் குத்தையும் அல்லவா அவனுக்குக் கொடுக்கிறார்கள். டீயை அவன் வாங்கினான், வரிசையை அவன் சாம்பார் ஆக்கினான், சரி. இது என்னுடையது. இடது கை, மடிப்புக்கு வெளியே, ஆழத்தில், முதல் குத்து. அக்கா இல்லாத ஒரு நாளில் நான் ஒருவனாக நின்று கண்டுபிடித்தது. இதுவும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தால் பிறகு எனக்கென்று என்னதான் இருக்கிறது?

"அண்ணாச்சி, அது நான் எடுத்தது" என்றேன். குரல் தேவைக்கு மேலே சத்தமாக வந்தது. "இடது கை. ஒரே குத்து. மஞ்சள எடுத்துட்டுத்தான் ஊதாவுக்கே போனேன். ஊதா முந்தினாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் எறங்கும். கிரியாட்டினின் ஏறாது."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ அங்கனயா இருந்த?"

அக்காதான் முதலில் பிடித்துக்கொண்டார். "கிரியாட்டினினும் ஏறியிருக்குன்னா டியூப் தப்பு இல்ல. ஆளே தப்பு. நேத்து இதே பேருல வேற யாரும் வந்தாவளா?"

கவுண்டர் பெண் கிளிப்பிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரே பெயர், ஒரே ஜனவரி ஒன்று, ஒரே வருடம். ஊர் மட்டும் வேறு. ஒன்று திருவேங்கடம், ஒன்று புளியங்குடி. நான் கேட்காதது ஊர். அவன் கேட்டதெல்லாம் ஊர். அவன் ஸ்டிக்கரைப் பார்த்திருந்தாலும் போதும், நான் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போதும்.

"அப்போ நீ எடுத்தது..." என்று அண்ணாச்சி சொல்லி முடிக்கவில்லை. அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"எங்க ஊரு பெரியம்மாவுக்கு எல்லாம் நார்மல்னுல்லா போயிருக்கும்" என்றான். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அக்கா என்னை, "நீயும் போ. ஐஸ் பெட்டிய எடு" என்றார்.

பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் யாரிடமும் வழி கேட்காமல் வாய்க்கால் பாலம், அதைத் தாண்டி இரண்டாவது சந்து என்று நேராகப் போய் நின்றான். என்னைத் தனியாக அனுப்பியிருந்தால், பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துக்கொண்டு புளியங்குடி முழுக்க அலைந்திருப்பேன்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரித்த வாழைப்பழத் தோல்.

"வா மக்கா! எல்லாம் சரியாயிட்டுன்னு சீட்டு வந்துட்டு. டாக்டரு இதெல்லாம் தொடக் கூடாதுன்னு வச்சிருந்தாரு. இத்தன நாளா நாக்கு செத்துக் கெடந்தேன்."

பொட்டாசியம் ஏறிக் கிடக்கிற உடம்புக்கு இளநீரும் வாழைப்பழமும் என்ன செய்யும் என்று நாங்கள் இரண்டு பேரும் படித்திருக்கிறோம். இதயத் துடிப்பு தடுமாறும். சில பேருக்கு நின்றும் போகும். அவன் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். நான்தான் சொன்னேன், சீட்டு மாறிப்போய்விட்டது, மறுபடி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. அவர் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்தார்.

"கையக் காட்டுங்கம்மா. நான் எடுக்கேன்" என்றேன்.

"வேண்டாம்யா. அவனே எடுக்கட்டும்."

அவன் எடுத்தான். முதல் குத்து விழவில்லை. ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு தேடக் கூடாது என்பது விதி. எடுத்துவிட்டான். அடுத்த கையில் குத்தினான். அதுவும் விழவில்லை, அந்த இடம் நீலமாக வீங்கியது. இரண்டு தடவைக்கு மேல் ஒரே ஆள் குத்தக் கூடாது, அடுத்தவரிடம் விட்டுவிட வேண்டும். அதுவும் விதி. நான் கையுறையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"பரவால்ல மக்கா" என்று அவர் அவனிடம் சொன்னார். "பதறாத. இன்னொரு தடவ குத்து."

மூன்றாவதில் விழுந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. கை நீலமாக வீங்கி, மூன்று தடவை குத்து வாங்கியும், அவன் தலையைத் தடவிக் கொடுத்தார் அந்த அம்மா. ஒரே குத்தில், வலி தெரியாமல் எடுத்த என்னை, அங்கே இருந்தாயா என்று கேட்டார் இன்னொரு அம்மா.

புளியங்குடி அம்மாவை அவனே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். இரண்டு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் அவர் வீட்டாரும் எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. மண்டிக்காரர் மகனிடம் எப்படிக் கேட்பார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பைக்கை ஒரு டீக்கடையில் நிறுத்தினான். "நீ வாயத் தொறக்கலன்னா அந்தப் பெரியம்மா இன்னும் இளநியக் குடிச்சிட்டுல்லா இருந்திருக்கும். வேல ஒனக்கு வாரதுன்னு தெரிஞ்சும் ஒத்துக்கிட்ட பாரு. ஒனக்குப் பெரிய மனசுலே."

"மனசெல்லாம் இல்லலே. அது நல்லா விழுந்த குத்து. அத ஒன்னுதுன்னுட்டாங்க. அதான் சொன்னேன்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நம்பவில்லை. டீக்காசையும் அவனே கொடுத்தான்.

அண்ணாச்சியும் நம்பவில்லை. அவரிடம் நான் அந்த அளவுக்கு விளக்கவும் இல்லை. "தப்ப தானா முன்னால வந்து சொன்னவன்தான் எனக்கு வேணும்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் எனக்கு வந்தது. அப்பா கேள்விப்பட்டதும் இரண்டு ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

பரீட்சையில் எழுத்துத் தாளில் எனக்குத்தான் அதிகம். செய்முறையில், ஆளை எப்படி உறுதி செய்வீர்கள் என்று வெளியூர்த் தேர்வாளர் கேட்டபோது, எனக்கு முன்னால் போன அவன், "பேரு, பிறந்த தேதி, அதுக்கப்புறம் எந்த ஊரு, யாரு வீடுன்னு கேப்பேன் சார். எங்க பக்கம் எல்லாரும் ஜனவரி ஒண்ணு" என்றானாம். அவர் சிரித்து, முழு மார்க் போட்டாராம். அடுத்து நான் போய் அதையே சொன்னேன். "இதத்தான் முன்னால வந்தவரும் சொன்னார்" என்றார்.

இப்போது அவன் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். முதல் நாள் செய்து காட்டியதிலேயே எடுத்துக்கொண்டார்களாம். குழந்தைகள் வார்டு. நான் இங்கே, அவன் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது, "முன்னால ஒரு தம்பி இருந்தானே, அவன் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள்.

திருவேங்கடத்து அம்மாவுக்கு அண்ணாச்சி அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டு, பாதிப்பாதியாக எங்கள் இரண்டு பேர் மேலும் எழுதினார். அவன் பங்கை அவன் அப்பா மண்டியிலிருந்தே போனில் அனுப்பிவிட்டார். என் பங்கைச் சம்பளத்தில் பிடித்தார்கள், சித்திரையில்தான் முடிந்தது. காருக்கு நாலாயிரத்து ஐந்நூறு, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஆறாயிரம், மறுபடி எடுத்த டெஸ்ட்டுகளுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு, தேவையில்லாமல் எடுத்த ஸ்கேனுக்கு ஆயிரத்து முந்நூறு. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.